பாடும் பறவையின் வெப்பத்தை எந்தச் செல்லில் அளப்பது?

கோபிச்செட்டிபாளையத்திலிருந்து வரும் மாணவி ஒருவர் எங்கள் திசு வளர்ப்பு அறைக்கு வந்து ஒரு கேள்வி கேட்டார். "ஏனுங்க மேடம், சித்திரை வெயில்ல எங்க தோட்டத்து வேலியில தவிட்டுக்குருவியெல்லாம் வாயைப் பொளந்துட்டு உட்கார்ந்திருக்குதுங்க. அப்ப அதோட செல்லுக்குள்ள என்ன நடக்குதுன்னு பார்க்க முடியுங்களா?"

பார்க்கலாம் கண்ணு என்று உடனே சொல்லிவிட்டேன். எந்தச் செல்லில் பார்ப்பது என்று முடிவு செய்யத்தான் மூன்று வாரம் ஆனது. கோவை, ஈரோடு, நாமக்கல் பக்கத்துக் கல்லூரிகளில் செல் வளர்ப்பு அறை வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் மனிதச் செல்லையும் எலிச் செல்லையும்தான் கையாண்டிருப்பார்கள். பறவைச் செல் என்று வந்தால் எதை வாங்குவது, எதை நாமே எடுத்து வளர்ப்பது என்று கேட்கப் பக்கத்தில் ஆள் கிடைப்பதில்லை. நாங்கள் எதையெல்லாம் எடைபோட்டோம், எதை ஏன் ஒதுக்கினோம் என்பதை எழுதிவைத்தால் அடுத்து வரும் ஒருவருக்காவது அந்த மூன்று வாரம் மிச்சமாகும்.

முதலில் கேள்வியைச் சரியாகப் பிடித்துக்கொள்வோம். ஓர் உடலில் உள்ள எல்லாச் செல்லிலும் ஏறக்குறைய ஒரே டிஎன்ஏதான் இருக்கிறது. எந்த மரபணுவிலிருந்து எவ்வளவு ஆர்என்ஏ படியெடுக்கப்படுகிறது என்பது செல்லுக்குச் செல், நேரத்துக்கு நேரம் மாறும். அதைத்தான் மரபணு வெளிப்பாடு என்கிறோம். பறவைக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. அதனால்தான் தவிட்டுக்குருவி வாயைத் திறந்து மூச்சு வாங்குகிறது. அப்படியும் உடல் சூடு ஏறிப்போனால் செல்லுக்குள் இருக்கும் புரதங்கள் மடிப்புக் குலையத் தொடங்கும். அவற்றைத் தாங்கிப் பிடித்து மீண்டும் மடித்துவிடும் புரதங்களைச் செல் அவசரமாகத் தயாரிக்கும். எச்எஸ்பி70, எச்எஸ்பி90 என்று சொல்லப்படும் வெப்ப அதிர்ச்சிப் புரதங்கள் இவை. எச்எஸ்பி70க்கான ஆர்என்ஏ வெப்பம் ஏறிய ஒரு மணி நேரத்துக்குள்ளேயே பல மடங்கு கூடிவிடும். அளப்பதற்கு வசதியான எதிர்வினை.

தவிட்டுக்குருவியையே பிடித்து ஆராய்வது என்ற பேச்சுக்கே இடமில்லை. நம் ஊர்க் காட்டுப் பறவைகள் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகின்றன. அனுமதி கேட்டு எழுதலாம்தான். ஆனால் முதுகலை மாணவி ஒருவரின் முதல் ஆய்வுக்காக ஒரு கூட்டைக் கலைப்பதில் எனக்கு விருப்பமில்லை. வயல் ஓரத்தில் கூட்டமாக வரும் சில்லைகளுக்கும் இதே நியாயம்தான். சில்லைக்கு நெருங்கிய உறவான ஜீப்ரா பிஞ்ச் ஆஸ்திரேலியப் பறவை. கோவையில் பறவை விற்கும் கடைக்குப் போனால் தினை கொறித்துக்கொண்டு கீச்சிடும் ஆரஞ்சு அலகுக் குருவிகள் இருக்குமே, அவைதான். கூண்டில் தாராளமாக இனப்பெருக்கம் செய்யும். கோழியின் ஜீனோம், அதாவது அதன் முழு டிஎன்ஏ வரிசை, 2004இல் வெளிவந்தது. அதற்கு அடுத்து முழு ஜீனோம் படிக்கப்பட்ட இரண்டாவது பறவை இதுதான், 2010இல். அளவீட்டுக்கு வேண்டிய வரைபடம் தயாராக இருக்கிறது.

இந்தப் பறவைக்கும் வெயிலுக்கும் பழைய உறவு உண்டு. வறண்ட நிலத்தில் வாழ்வது. அடை முடியும் தறுவாயில் காற்றின் வெப்பம் 26 டிகிரியைத் தாண்டினால் தாயோ தந்தையோ முட்டையைப் பார்த்து ஒரு தனி ஒலி எழுப்பும் என்று 2016இல் ஆஸ்திரேலியாவில் கண்டறிந்தார்கள். அந்த ஒலியை முட்டைக்குள்ளேயே கேட்ட குஞ்சுகள் சூடான கூட்டில் வளரும்போது எடை குறைவாக வளர்ந்தன. வெயில் வரப்போகிறது என்று கருவுக்குச் சொல்லிவைக்கும் பறவை! இதைப் படித்த அன்று மாணவி வேறு எந்தப் பறவையைப் பற்றியும் பேசத் தயாராக இல்லை.

பாட்டு பற்றி ஒரு வார்த்தை. ஜீப்ரா பிஞ்ச் ஆய்வென்றால் பாட்டு ஆய்வு என்றே பலர் நினைக்கிறார்கள், நினைப்பதற்குக் காரணமும் இருக்கிறது. ஆண் குஞ்சு தந்தையின் பாட்டைக் கேட்டுப் பழகித் தொண்ணூறு நாள் வாக்கில் தன் பாட்டை உறுதிசெய்துகொள்கிறது. பெண் பாடாது. (நம் குயில் இந்தக் கணக்கில் சேராது. காக்கைக் கூட்டில் வளர்ந்தும் அது குயிலாகவே கூவுகிறது. அந்தக் கூவல் கற்றுக்கொண்டதல்ல. பறவையியல் பிரிவின்படியும் குயில் பாடும் பறவை இனமல்ல, தவிட்டுக்குருவிதான் பாடும் பறவை.) தன் இனத்தின் பாட்டைக் கேட்டதும் மூளையில் ஜென்க் என்ற மரபணுவின் ஆர்என்ஏ கூடுகிறது என்று 1992இல் காட்டினார்கள். மனிதரின் பேச்சுப் பகுதிகளும் இந்தப் பறவைகளின் பாட்டுப் பகுதிகளும் மரபணு வெளிப்பாட்டில் ஒத்துப்போகின்றன என்று 2014இல் வந்த ஆய்வு காட்டியது. இவை எல்லாமே மூளையின் குறிப்பிட்ட முடிச்சுகளில் நடப்பவை. பிளாஸ்க்கில் வளரும் தோல் செல்லிடம் போய்ப் பாட்டைப் பற்றிக் கேட்டால் பதில் வராது. வெப்பம் அப்படியல்ல. உடலின் எல்லாச் செல்லும் அதற்குப் பதில் சொல்லியாக வேண்டும். மாணவியின் கேள்வி செல் வளர்ப்புக்குப் பொருந்தும் கேள்வி என்ற நம்பிக்கை எனக்கு அங்கேதான் வந்தது.

சரி, இனி தேர்வுகளுக்கு வருகிறேன்.

முதலில் எங்கள் இருவர் கண்ணிலும் பட்டது சிஎஃப்எஸ்414 என்ற செல் லைன். (ஒரே மூலத்திலிருந்து எடுத்துத் தொடர்ந்து வளர்த்துவரும் செல்களைத்தான் செல் லைன் என்கிறோம்.) 2022இல் வெளிவந்தது. ஜீப்ரா பிஞ்ச் கருவின் ஃபைப்ரோபிளாஸ்ட் (இணைப்புத் திசு) செல்களுக்குள் எஸ்வி40 வைரஸின் டி ஆன்டிஜென் என்ற புரதங்களுக்கான மரபணுக்களைச் செலுத்தி, முடிவில்லாமல் பெருகும்படி ஆக்கியிருக்கிறார்கள். சாதாரணமாக உடலிலிருந்து எடுத்த செல்கள் சில பாசேஜுக்கு மேல் (பிளாஸ்க் நிறைந்ததும் பிரித்துப் புது பிளாஸ்க்குக்கு மாற்றுவது ஒரு பாசேஜ்) சோர்ந்து நின்றுவிடும். இவை நிற்பதில்லை. நெருக்கமாகப் போட்டாலும் தளர்வாகப் போட்டாலும் வளர்கின்றன. ஒற்றைச் செல்லிலிருந்து ஒரு தனிக் குடும்பத்தையே வளர்த்தெடுக்க முடிகிறது. கிரிஸ்பர் என்ற மரபணுத் திருத்த முறையில் ஒரு மரபணுவை வெட்டி எடுத்து, வெட்டு சரியாக விழுந்ததா என்று பார்க்க இதைவிட நல்ல பாடும் பறவைச் செல் எனக்குத் தெரிந்து இல்லை. அதற்கு முன் இருந்த செல் லைன்களுக்கு இந்த வசதி கிடையாது. மரபணுவைத் திருத்தும் வேலை யாராவது செய்வதாக இருந்தால் யோசிக்காமல் இதைக் கேட்டு வாங்கலாம். வெளிநாட்டிலிருந்து வரவழைக்க இறக்குமதி அனுமதி வேண்டும், மரபணு மாற்றப்பட்ட செல் என்பதால் நிறுவன உயிரிப் பாதுகாப்புக் குழுவிடமும் போக வேண்டும். நேரம் பிடிக்கும், ஆனால் நடக்கும்.

ஆனால் வெப்பம் என்ற கேள்விக்கு இது ஒத்துவராது. இந்த ஒரு விஷயத்தில் நான் கொஞ்சம் பிடிவாதமாகவே நின்றேன். எஸ்வி40இன் பெரிய டி ஆன்டிஜென் பி53, ஆர்பி என்ற இரண்டு காவல் புரதங்களைப் பிடித்து முடக்குவதால்தான் செல் நிற்காமல் பிரிகிறது. ஆகவே செல் பிரிவு தொடர்பான மரபணுக்களின் வெளிப்பாடு இயல்பாக இருக்காது. இது எல்லோருக்கும் தெரிந்த குறை. பலர் கவனிக்காமல் விடுவது இன்னொன்று. அதே டி ஆன்டிஜெனின் முன்முனையில் ஜே டொமைன் என்ற பகுதி இருக்கிறது. அது போய் ஒட்டிக்கொள்ளும் புரதம் எச்எஸ்சி70, அதாவது நாம் அளக்கப்போகும் எச்எஸ்பி70இன் கூடப்பிறந்தது. வெப்பத்தைச் சமாளிக்கும் பணியாட்களில் ஒருவரை வைரஸ் புரதம் ஏற்கெனவே தன் வேலைக்கு இழுத்து வைத்திருக்கிறது. அந்தச் செல்லைச் சூடாக்கி எச்எஸ்பி70 எவ்வளவு கூடியது என்று அளந்தால் அந்த எண்ணில் பறவையின் பங்கு எவ்வளவு, வைரஸின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது.

இதற்கு முன்பே இரண்டு ஜீப்ரா பிஞ்ச் செல் லைன்கள் உண்டு. ஜி266, இசட்எஃப்டிஎம்ஏ என்று பெயர். 2011இல் வந்தவை. பறவைகளுக்குத் தானாக வந்த கட்டிகளிலிருந்து எடுத்து வளர்த்தார்கள். வைரஸ் மரபணுவைச் செலுத்தவில்லை என்பது இவற்றின் நல்ல பக்கம். கட்டி என்பதே குறை. புற்றுச் செல்கள் பொதுவாகவே வெப்ப அதிர்ச்சிப் புரதங்களைக் கூடுதலாக வைத்துக்கொள்பவை. வெப்பம் ஏறும் முன்பே பாதி வழி போய் நிற்கும் செல்லில் ஏற்றத்தை அளப்பது கடினம். இவற்றைப் பற்றி இதற்கு மேல் நாங்கள் பேசவில்லை.

எந்தச் செல் லைனானாலும் எனக்குள்ள பெரிய வருத்தம் வேறு. அதைத் திருப்பூர்க்காரர்களுக்குச் சொன்னால் ஒரே வரியில் புரிந்துவிடும். ஒரே லாட்டில் சாயம் போட்ட துணியிலிருந்து நூறு துண்டு வெட்டி நூறையும் அளந்துவிட்டு, "நூறு துணி பார்த்தேன், இந்தச் சாயம் இப்படித்தான்" என்று ஒருவர் சொன்னால் பையர் ஒத்துக்கொள்வாரா? அது நூறு துணியல்ல, ஒரு லாட். செல் லைனும் அப்படித்தான். ஒரு லைன் என்றால் ஒரு பறவை. அதை ஆறு பிளாஸ்க்கில் பிரித்து வளர்த்து ஆறிலும் ஆர்என்ஏ எடுத்தால் நம் கை எவ்வளவு நிதானமாக வேலை செய்கிறது என்று தெரியுமே தவிர, ஆறு பறவைகளைப் பற்றி எதுவும் தெரியாது. ஆண் லைன் ஒன்று, பெண் லைன் ஒன்று வைத்துக்கொண்டு "ஆணுக்கும் பெண்ணுக்கும் வெப்ப எதிர்வினை வேறு" என்று எழுதுவது இன்னும் மோசம். அந்த வேறுபாடு பாலினத்தால் வந்ததா, அந்த இரண்டு பறவைகள் இரண்டு வேறு பறவைகள் என்பதால் வந்ததா? சொல்ல வழியே இல்லை. என் மாணவர்களின் ஆய்வேட்டில் இந்தத் தவறு நேரக் கூடாது என்று எப்போதும் கவலைப்படுவேன். புள்ளிவிவர மென்பொருள் இதைக் கண்டுபிடித்துச் சொல்லாது. ஆறு எண்ணைக் கொடுத்தால் ஆறையும் ஆறு பறவையாக எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டுவிடும்.

பாலினம் பறவையில் இன்னொரு வகையிலும் முக்கியம். ஆணுக்கு இரண்டு இசட் குரோமோசோம். பெண்ணுக்கு ஒரு இசட், ஒரு டபிள்யூ. பாலூட்டிகளில் பெண்ணின் இரண்டு எக்ஸில் ஒன்று அடங்கிப்போய்க் கணக்குச் சமனாகிவிடும். பறவையில் அந்தச் சமன்பாடு அரைகுறையாகத்தான் நடக்கிறது. இசட்டில் உள்ள மரபணுக்களில் பல, ஆண் செல்லில் பெண் செல்லைவிடக் கூடுதலாக வெளிப்படுகின்றன. ஆகவே எந்தச் செல்லை எடுத்தாலும் அது ஆணா பெண்ணா என்பது தெரிந்திருக்க வேண்டும்.

அடுத்த தேர்வு நம் ஊர்த் தேர்வு, கோழி. நாமக்கல்லையும் பல்லடத்தையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு கோழிச் செல்லைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. ஒன்று சொல்லிவிடுகிறேன், ஒவ்வோர் ஆண்டும் யாராவது ஒரு மாணவர் கடையில் வாங்கிய முட்டையை இன்குபேட்டரில் வைத்துவிட்டுக் காத்திருக்கிறார். நாமக்கல்லிலிருந்து லாரியில் போகும் முட்டை சேவல் சேராத முட்டை. அதில் கரு இருக்காது. பல்லடம், உடுமலைப் பக்கம் உள்ள பொரிப்பகங்களில் கேட்டால்தான் கருவுற்ற முட்டை கிடைக்கும். ஒன்பதிலிருந்து பதினொன்றாம் நாள் கருவில் தலையையும் உள்ளுறுப்புகளையும் நீக்கி, மீதியை நறுக்கி, ட்ரிப்சின் என்ற நொதியைப் போட்டுச் செல்களைப் பிரித்தால் மறுநாளே பிளாஸ்க் நிறைய ஃபைப்ரோபிளாஸ்ட் ஒட்டியிருக்கும். அவ்வளவு தாராளம்! வாங்க வேண்டுமென்றால் டிஎஃப்-1 என்ற கோழி ஃபைப்ரோபிளாஸ்ட் லைன் இருக்கிறது. வைரஸ் மரபணு எதுவும் செலுத்தாமல் தானாகவே நிலைபெற்றது. உலகெங்கும் கோழி வைரஸ் ஆய்வில் புழங்குகிறது.

வெப்ப எதிர்வினையைப் பொறுத்தவரை கோழியில் அடிப்படை வேலை நிறையவே நடந்திருக்கிறது. வெப்ப அதிர்ச்சி மரபணுக்களை இயக்கிவிடும் எச்எஸ்எஃப்3 என்ற காரணியை முதலில் கண்டதே கோழியில்தான். டிடி40 என்ற கோழிச் செல் லைனில் அதை நீக்கினால் வெப்ப அதிர்ச்சி எதிர்வினை பெரிதும் விழுந்துவிடுகிறது என்று 1998இல் காட்டினார்கள். நம் அளவீடு சரியாக நடக்கிறதா என்று ஒப்பிட்டுப் பார்க்க இதைவிட நல்ல அளவுகோல் வேறில்லை.

கோழியில் அளந்துவிட்டு "பாடும் பறவை" என்று தலைப்பு வைக்கத்தான் முடியாது. இரண்டு பரம்பரைகளும் பிரிந்து ஏறத்தாழ 9 கோடி ஆண்டுகள் ஆகின்றன. எங்கே ஒத்துப்போகும், எங்கே விலகும் என்று முன்கூட்டியே யாரும் சொல்ல முடியாது. ஓர் உதாரணம்: வைரஸ் ஆர்என்ஏவை உணரும் ரிக்-ஐ என்ற மரபணு கோழியிடம் இல்லை. வாத்திடம் இருக்கிறது, ஜீப்ரா பிஞ்சிடமும் இருக்கிறது. ஒரு வைரஸ் ஆய்வைக் கோழிச் செல்லில் செய்துவிட்டுக் குருவிக்கும் அப்படித்தான் என்று எழுதியிருந்தால் இல்லாத மரபணுவை வைத்துப் பேசியதாக ஆகியிருக்கும். ஆகவே கோழி கை பழகுவதற்கு. விடை தேடுவதற்கு அல்ல. இப்படிச் சொன்னதும் மாணவி முகம் கொஞ்சம் வாடியது. அவர் மாமா பல்லடத்தில் பண்ணை வைத்திருக்கிறார், முட்டைக்கு அவரிடம் பேசிவிட்டே வந்திருந்தார். அந்த முட்டைகள் வீணாகாது அம்மணி, முதல் இரண்டு மாதம் அவைதான் நமக்குப் பாடப்புத்தகம் என்று சொன்னேன்.

இரத்தத்தையும் யோசித்தோம். பாலூட்டியின் சிவப்பணுவில் உட்கரு கிடையாது, பறவையின் சிவப்பணுவில் உண்டு. ஒரு துளி இரத்தம் போதும், ஆர்என்ஏ கிடைக்கும். உயிருள்ள பறவையின் நிலையை நேராகச் சொல்லும் என்பது இதன் பெரிய பலம். செல் வளர்ப்பில் சீரமும் (ஊட்டத்துக்காகச் சேர்க்கும் இரத்த நீர்) பிளாஸ்டிக்கும் சேர்ந்து செல்லின் குணத்தை மாற்றுவதைப் பற்றிய கவலை இதில் இல்லை. ஆனால் ஜீப்ரா பிஞ்ச் ஒன்றின் எடை 12 முதல் 15 கிராம். எடையில் நூற்றில் ஒரு பங்குக்கு மேல் இரத்தம் எடுக்கக் கூடாது என்ற பொது வழக்கப்படி பார்த்தால் பத்தில் ஒரு மில்லியைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். உயிருள்ள பறவையைக் கையாள நிறுவன விலங்கு நெறிமுறைக் குழுவின் ஒப்புதலும், இறக்கை இரத்தக் குழாயில் ஊசி குத்தி இரத்தம் எடுக்கத் தெரிந்த கையும் வேண்டும். அப்புறம், பறவையைச் சூட்டில் வைக்கும் சோதனை எனக்கு மனதுக்கு ஒப்பவில்லை. முதுகலை அளவில் அது தேவையுமில்லை.

மிஞ்சியது ஜீப்ரா பிஞ்ச் முட்டையிலிருந்து நாமே எடுக்கும் முதல்நிலைச் செல்கள். இதன் சிரமங்களை முதலில் சொல்லிவிடுகிறேன். முட்டையின் எடை ஒரு கிராம் வாக்கில்தான். கோழி முட்டை 50 கிராமுக்கு மேல். அடைக்காலம் கோழிக்கு 21 நாள், இதற்கு இரண்டு வாரத்துக்குள் முடிந்துவிடும். ஆகவே ஏழெட்டாம் நாளில் கருவை எடுத்தாக வேண்டும். கடுகளவு இதயமும் நகக்கண் அளவு உடலும்தான் இருக்கும். ஒரு கருவிலிருந்து ஒரு சிறு பிளாஸ்க்குக்குச் செல் கிடைத்தால் நல்ல வேலை. சில பாசேஜுக்குள் செல்கள் சோர்ந்துவிடும், அதற்குள் சோதனையை முடித்துவிட வேண்டும். இது போனால் இன்னொன்று வாங்கிக்கொள்ளலாம் என்ற நிம்மதி கிடையாது.

அப்படியும் இதைத்தான் தேர்ந்தெடுத்தோம். ஒவ்வொரு முட்டையும் ஒரு தனிப் பறவை. எட்டு முட்டை என்றால் எட்டு பறவை, அந்த எட்டு உண்மையான எட்டு. செல்லுக்குள் வைரஸ் புரதம் இல்லை, கட்டி இல்லை. வெட்டி ஒதுக்கும் தலைத் திசுவிலிருந்து டிஎன்ஏ எடுத்துச் இசட்டிலும் டபிள்யூவிலும் வேறு வேறு நீளத்தில் உள்ள சிஎச்டி1 மரபணுவை பிசிஆரில் (டிஎன்ஏ துண்டைப் பல படிகளாக்கும் முறை) பெருக்கினால் ஆண் கருவுக்கு ஒரு கோடு, பெண் கருவுக்கு இரண்டு கோடு ஜெல்லில் விழும். ஒரே நாளில் பாலினம் தெரிந்துவிடும். ஆண் நான்கு, பெண் நான்கு என்று பிரித்துக்கொள்ளலாம். ஒரே ஜோடி இட்ட முட்டைகள் உடன்பிறப்புகள் என்பதை மட்டும் மறக்கக் கூடாது. ஒரு கூட்டிலிருந்து ஒரு முட்டை, எட்டு ஜோடியிடமிருந்து எட்டு முட்டை. பறவை வளர்ப்பவர்களிடம் இதை விளக்கிச் சொன்னால் புரிந்துகொள்கிறார்கள். எந்த ஜோடி எந்த ஜோடியோடு உறவு என்று அவர்கள் நோட்டுப் போட்டு வைத்திருக்கும் ஒழுங்கைப் பார்த்து நான் அசந்துபோனேன். செலவும் குறைவு. வளர்ப்பவர் முட்டைக்குக் காசு வேண்டாம் என்றுதான் சொன்னார், நாங்கள்தான் தினை மூட்டை ஒன்று வாங்கிக் கொடுப்பதாக இருக்கிறோம்.

இங்கே ஒரு கிளைச்செய்தி. பாடும் பறவைகளின் இனச்செல்களில் மட்டும் ஒரு கூடுதல் குரோமோசோம் இருக்கிறது, உடலின் மற்றச் செல்களில் அது கிடையாது. ஜீப்ரா பிஞ்சில் அதுதான் உள்ளதிலேயே பெரிய குரோமோசோம். 2019இல் சோதித்துப் பார்த்த எல்லாப் பாடும் பறவைகளிலும் அதைக் கண்டார்கள். நம் ஃபைப்ரோபிளாஸ்ட்டில் அது இருக்காது, வெப்பக் கேள்விக்கு அதனால் பாதகமில்லை. முட்டைப்பை, விதைப்பை பற்றி ஆராய நினைப்பவர்கள் மட்டும் இந்தச் செல்களை நம்பி இறங்க வேண்டாம்.

செல்லைத் தேர்ந்தெடுத்தாயிற்று. அடுத்தது இன்குபேட்டர் வெப்பநிலை. இதில் பெரும்பாலோர் கவனிக்காமல் சறுக்குகிறார்கள் என்பதால் விரிவாகவே சொல்கிறேன். எங்கள் அறையில் இன்குபேட்டர் எப்போதும் 37 டிகிரியில் நிற்கும். மனிதச் செல்லுக்கு வைத்தது, யாரும் கை வைப்பதில்லை. பறவையின் உடல் வெப்பம் 41 டிகிரி வாக்கில் இருக்கும். 37இல் வளர்த்த பிஞ்ச் செல்லை 42க்கு ஏற்றிவிட்டு "வெப்ப அதிர்ச்சி கொடுத்தேன்" என்று சொன்னால், உண்மையில் குளிரில் கிடந்த செல்லை அதன் சொந்த வீட்டுச் சூட்டுக்குத் திருப்பி அனுப்பியிருக்கிறோம். டிஎஃப்-1 செல்லையே 39இல்தான் வளர்க்கச் சொல்கிறார்கள். ஆகவே எங்கள் திட்டத்தில் அடிநிலை 40 டிகிரி. செல் எடுத்த முதல் நாளிலிருந்தே 40. சூடேற்றுவது 43க்கும் 45க்கும், ஒரு மணி நேரம். பிறகு மீண்டும் 40க்குக் கொண்டுவந்து இரண்டாம் மணி, ஆறாம் மணியில் ஆர்என்ஏ எடுப்பது. கூடவே 37இல் வளர்த்த ஒரு தொகுதியையும் வைத்திருப்போம், அந்த 37 டிகிரி வழக்கம் எவ்வளவு குழப்பம் செய்கிறது என்று காட்டுவதற்காக. ஆய்வேட்டில் எனக்கு மிகவும் பிடிக்கப்போகும் படம் அதுவாகத்தான் இருக்கும்.

இன்னொரு நுணுக்கம். பாட்டு கேட்டதும் மூளையில் ஏறும் ஜென்க் மரபணுவைச் சொன்னேன் அல்லவா, அதே மரபணு ஃபைப்ரோபிளாஸ்ட்டில் புதுச் சீரம் பட்டாலும் ஏறும். வேகமாக எதிர்வினை காட்டும் மரபணுக்கள் பல இப்படித்தான். சூடேற்றுவதற்குச் சற்று முன்பு ஊடகம் (சீரம் கலந்த ஊட்டத் திரவம்) மாற்றினால் வெப்பத்துக்கு வந்த பதிலும் சீரத்துக்கு வந்த பதிலும் கலந்துவிடும். ஆகவே முந்தின நாளே மாற்றிவிட வேண்டும். ஒப்பீட்டுப் பிளாஸ்க்கையும் அதேபோலத் தூக்கி, அதேபோல நகர்த்தி, சூடு மட்டும் கொடுக்காமல் வைக்க வேண்டும்.

அளக்கும் முறையில் எங்களுக்குப் பெரிய தடுமாற்றம் இல்லை. பத்துப் பதினைந்து மரபணுக்கள்தான் நம் கேள்வி என்பதால் ஆர்என்ஏ எவ்வளவு இருக்கிறது என்று அளக்கும் ரியல்டைம் பிசிஆர் போதும். ஜிஏபிடிஎச், பீட்டா ஆக்டின் இரண்டையும் கண்ணை மூடிக்கொண்டு ஒப்பீட்டு மரபணுவாக, அதாவது மாறாத அளவுகோலாக, வைக்க வேண்டாம். சூட்டில் அவையும் அசையலாம். ஐந்தாறு மரபணுவைச் சோதித்துப் பார்த்து அசையாத இரண்டை எடுத்துக்கொள்வோம். எல்லா மரபணுவையும் ஒரே வீச்சில் பார்க்கும் ஆர்என்ஏ சீக்வென்சிங்குக்கு ஆண் ஒன்று பெண் ஒன்று என்று இரண்டு மாதிரி மட்டும் அனுப்பலாமே என்று மாணவி கேட்டார். இரண்டு மாதிரியில் எந்த முடிவும் எழுத முடியாது. ஆர்என்ஏவைக் கெடாமல் மைனஸ் 80இல் வைத்திருப்போம், பணம் வரும்போது எட்டையும் சேர்த்து அனுப்பிக்கொள்ளலாம்.

என் பழைய காயம் ஒன்றும் இந்தத் தேர்வில் பங்கு வகித்தது. சில ஆண்டுகளுக்கு முன் தெரிந்தவர் ஒருவரின் ஆய்வகத்திலிருந்து ஒரு செல் லைனை வாங்கி வந்து, சோதிக்காமல் வேலையைத் தொடங்கினேன். நான்கு மாதம் கழித்துத்தான் அதில் மைக்கோபிளாஸ்மா என்ற பாக்டீரியாவின் தொற்று இருப்பது தெரிந்தது. அதற்குச் செல்சுவர் கிடையாது, பெனிசிலின் ஒன்றும் செய்யாது. பிளாஸ்க்கைக் கண்ணால் பார்த்தாலும் தெரியாது. ஆனால் செல்லின் மரபணு வெளிப்பாட்டைத் தாறுமாறாக மாற்றிவிடும். நான்கு மாதத்து எண்கள் அத்தனையும் குப்பைக்குப் போயின. கை மாறிக் கை மாறி வரும் செல்லைவிட, முட்டையிலிருந்து நானே எடுத்த செல்லின் வரலாறு எனக்கு முழுதாகத் தெரியும். அப்படியும் மாதம் ஒருமுறை மைக்கோபிளாஸ்மா பிசிஆர் செய்வோம்.

மின்சாரம் பற்றியும் சொல்ல வேண்டும். 2012 மின்வெட்டில் இந்தப் பக்கம் செல் வளர்த்த யாருக்கும் அந்த நாட்கள் மறக்காது. இன்குபேட்டரில் கார்பன் டை ஆக்சைடு போய், இளஞ்சிவப்பு ஊடகம் காலையில் வந்து பார்க்கும்போது ஊதாவாக நிற்கும். இப்போது நிலைமை எவ்வளவோ மேல். ஆனாலும் வெப்பத்தையே ஆராயும் சோதனையில் இரவில் இரண்டு மணி நேரம் இன்குபேட்டர் குளிர்ந்தால் மறுநாள் அளவு பொய்யாகிவிடும். முதல்நிலைச் செல் என்பதால் திரும்பச் செய்யவும் முடியாது. அதனால் ஒவ்வொரு கருவிலிருந்தும் முதல் பாசேஜிலேயே ஒரு பங்கைத் திரவ நைட்ரஜனில் உறையவைப்பது என்று முடிவு செய்திருக்கிறோம். நைட்ரஜனுக்கு இங்கே பஞ்சமில்லை. மாட்டுக்குச் சினை ஊசி போட வருகிறவர்கள் தூக்கிவரும் அதே கேன், அதே நைட்ரஜன்தான்.

ஆடி மாதம் பல்லடம் முட்டையில் கை பழகுவது. புரட்டாசியில் பிஞ்ச் முட்டை. சரவணம்பட்டிப் பக்கம் பறவை வளர்க்கும் ஒருவர் எட்டு ஜோடிக்கும் தனித்தனிக் கூடு வைத்து, முட்டை இட்ட தேதியைப் பென்சிலால் கூட்டின் மேல் எழுதிவைக்க ஒத்துக்கொண்டிருக்கிறார். மாணவி நேற்று இன்குபேட்டருக்குள் இரண்டாவது வெப்பமானி ஒன்றை வைத்துவிட்டுப் போனார். முன்பக்கத் திரையில் 40.0 என்று காட்டும்போது பின்பக்கத் தட்டில் 39.2தான் இருக்கிறதாம். எட்டு பிளாஸ்க்கையும் நடுத் தட்டில் ஒரே வரிசையில் வைக்க இடம் அளந்துகொண்டிருக்கிறோம்.